கந்தசஷ்டியில் ஏறிய கறுவலின் சீனி

நீரிழிவு என்கிற சீனி வருத்தம் பூனைக்கும் வருமா என்று கேட்டு என் சொந்தக்காரர்கள் பல வருடங்கள் சிரித்தார்கள். கலியாண வீடுகளில் என்னைக் காட்டி, இவதான் பூனைக்கு ஊசி போடுகிறவ என்று அறிமுகம் செய்வார்கள். நானும் சிரித்துக்கொண்டே வடையைக் கடிப்பேன். பிறகு ஒரு நாள் அதே ஆட்கள் தொலைபேசி எடுத்து, தங்கள் பூனை தண்ணீர்க் கோப்பையை விட்டு அசையமாட்டேன் என்கிறது, உடம்பும் வற்றிப்போகிறது, என்ன செய்யலாம் என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். தனக்கு வந்தால்தான் தலைவலியும் காய்ச்சலும்.

இலண்டனின் தெற்குப் பக்கத்தில், ஸ்ட்ரெதமில், ஒரு மிருக வைத்தியசாலையில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களில் சிலர் இங்கேயே பிறந்த எங்கள் பிள்ளைகள். சிலர் தமிழ்நாட்டில் மிருக வைத்தியம் படித்துவிட்டு வந்தவர்கள். ஊசியைத் தோலில் எங்கே போடுவது, காது நுனியில் எப்படிக் குத்துவது, இன்சுலினைக் குளிர்சாதனப் பெட்டியில் எந்தத் தட்டில் வைப்பது என்றெல்லாம் நான் சொல்லித் தரப்போவதில்லை. அதற்கு உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள், என்னைவிடப் பொறுமையாகவும் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது ஒரு கந்தசஷ்டிக் கிழமையில் நடந்ததை.

மோர்டனில் ஒரு கணவன் மனைவி இருந்தார்கள். அவர்களுடைய உண்மைப் பெயர் வேண்டாம். மகாலிங்கம் அண்ணை என்றும் புவனம் அக்கா என்றும் வைத்துக்கொள்வோம். அண்ணை தபால் பிரிக்கும் இடத்தில் வேலை செய்து ஓய்வெடுத்தவர். நெடிய மனிதர், குறைந்த பேச்சு, நெற்றியில் எந்நேரமும் திருநீறு. அக்கா அதற்கு நேர்மாறு. தொலைபேசியில் அவர் பேசும்போது நான் காதிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் பிடித்துக்கொள்வேன். பிள்ளைகள் இருவரும் கலியாணம் முடித்துத் தூரத்தில் இருந்தார்கள். வீட்டில் மிச்சம் இருந்தது கறுவல்.

கறுவல் நல்ல கறுப்புக் கடுவன் பூனை. அவன் எங்களிடம் முதன்முதலாக வந்தபோது ஒரு சின்னப் பன்றிக்குட்டி அளவு இருந்தான். சீனி வருத்தம் என்று கண்டுபிடித்ததும் அக்கா அழுதார், அண்ணை கறுவலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர், தினமும் ஊசியா, எங்களால் ஏலாது என்று அந்த இடத்திலேயே கையை விரித்துவிடுவார்கள். இவர்கள் விரிக்கவில்லை. வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறோம் என்று சீனி பார்க்கும் மெசினையும் ஊசிகளையும் வாங்கிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு நான் அவர்களிடம் ஒன்றை அழுத்திச் சொன்னேன். இது மிருகங்களுக்கான மெசின், மனிதருக்கான மெசினால் பூனையைச் சோதிக்கக் கூடாது, இரண்டு இரத்தமும் வேறு, எண் பிழையாகக் காட்டும். அண்ணை தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அவர் அதை எவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறார் என்று பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

வீட்டில் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். ஊசி போடுவது அக்கா. தாயாருக்கு வருடக்கணக்கில் இன்சுலின் போட்ட கை அது, நடுங்காது. ஆனால் காதில் குத்தி இரத்தம் எடுக்க அக்கா பக்கத்தில் வந்தாலே கறுவல் கட்டிலுக்குக் கீழே ஓடிவிடுவான். அவன் பேசாமல் மடியில் படுத்திருப்பது அண்ணையிடம் மட்டும்தான். ஆகவே காலையில் அண்ணை மேல் மாடியில் சின்ன அறைக்குள் கறுவலைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்துவார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து எண்ணைச் சொல்வார். அந்த எண்ணை எங்களுக்கு அறிவிப்பார்கள், நாங்கள் மருந்தின் அளவைச் சொல்வோம். வீட்டில் வைத்துச் சீனியைப் பார்ப்பது என்றால் இவ்வளவுதான். இதில் நாங்கள் கண்ணால் பார்ப்பது எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தொலைபேசியில் வரும் ஒரு எண்ணை நம்பித்தான் எல்லாம் ஓடுகிறது.

அரிசி இல்லை, பால் இல்லை, பூனைக்கென்று தகர டின்னில் வரும் சாப்பாடு மட்டும் என்று கட்டுப்பாடாக வைத்திருந்தார்கள். கறுவல் மெலிந்தான், துள்ளினான், எண்களும் அழகாக இறங்கின. புதிதாக ஊசி தொடங்குகிறவர்களுக்குத் தைரியம் சொல்ல நான் இவர்களைத்தான் உதாரணம் காட்டுவேன்.

அப்போதுதான் கந்தசஷ்டி வந்தது.

முதல் நாள் காலை அண்ணை சொன்ன எண் எங்கள் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. இந்த நாட்டுக் கணக்கில் ஐந்து, ஆறு என்றால்தான் நல்லது, இறங்கிக்கொண்டே வந்த சீனி ஒரே நாளில் இருபதைத் தாண்டியிருந்தது. அடுத்த நாள் இன்னும் கூட. வழமையாக அவர்கள்தான் எங்களை அழைப்பார்கள். அந்தக் கிழமை முழுவதும் நானே ஒவ்வொரு காலையும் அழைத்தேன்.

எங்கள் வைத்தியர் அயர்லாந்திலிருந்து வந்த இளம் பெண், கெட்டிக்காரி. அவருக்குக் காரணம் விளங்கவில்லை. எனக்கு உடனே விளங்கிவிட்டது, அப்படித்தான் நினைத்தேன். எங்கள் சனத்தை எனக்குத் தெரியாதா? சஷ்டி என்றால் வீடு கழுவி, சட்டி பானை மாற்றி, மீன் மணமே படாமல் வைத்திருப்பார்கள். மீன் தகரத்தை எந்த வீட்டில் உடைப்பார்கள்? பூனைக்கும் ஆறு நாள் சைவம், பாலும் சோறும் பிசைந்து வைத்திருப்பார்கள், சீனி ஏறாமல் என்ன செய்யும் என்று அந்த வைத்தியருக்கு ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன். அவர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அன்று மத்தியானம் அக்காவை அழைத்து, பால்சோறு கொடுக்கிறீர்களா என்று கேட்டேன். அக்கா பொரிந்து தள்ளிவிட்டார். தனக்கு முழங்கால் வருத்தம், அதற்குச் சாப்பாட்டோடு குளிசை விழுங்குகிறபடியால் இந்த முறை விரதம் இல்லை, ஆகவே கறுவலின் தகரத்தை இரண்டு நேரமும் கார் விடும் காராஜுக்குள் கொண்டுபோய் உடைத்து, அங்கேயே சாப்பிட வைத்து, வாயைத் துடைத்து, தானும் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் வருகிறாராம். இவ்வளவு பாடுபடுகிறவளைப் பார்த்து நீ இப்படிக் கேட்கலாமா என்று கோபித்துக்கொண்டார். என்னுடைய பெருமை அந்த இடத்தில் காற்றுப் போன பலூன் மாதிரி ஆனது.

அப்படியென்றால் வேறு என்ன? இன்சுலின் கெட்டுப்போயிற்றா என்று புதுப் போத்தல் மாற்றச் சொன்னோம். பல்லில் கிருமி, சிறுநீரில் கிருமி என்று ஒவ்வொன்றாக யோசித்தோம். கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்ப்போம் என்றோம். சஷ்டி முடியட்டும், அவர் ஆறு நாளும் விரதம், காலையிலிருந்து பின்னேரம் வரை விம்பிள்டன் கோயிலில் நிற்கிறார், எனக்குத் தனியாகப் பூனையைத் தூக்க ஏலாது என்றார் அக்கா.

காலையில் நான் அழைக்கும்போது எடுப்பவர் அண்ணை. கோயிலுக்கு வெளிக்கிடுவதற்கு முன் எண்ணை அவரே சொல்வார். நான் விடாமல் கேட்பேன். கறுவல் தண்ணீர் கூடுதலாகக் குடிக்கிறானா? இல்லை. சிறுநீர் கூடுதலாகப் போகிறதா? இல்லை. சோர்ந்து கிடக்கிறானா? இல்லை, சன்னலில் ஏறி நின்று புறாவைப் பார்க்கிறான். அண்ணையின் குரல் கரகரத்திருக்கும். நடுவில் நிறுத்தி, மடக் மடக்கென்று எதையோ குடிக்கும் சத்தம் கேட்கும். விரதக்காரரின் நாக்கு வறளாமல் வேறு என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன்.

சீனி இவ்வளவு கூடிய பூனை தண்ணீரைத் தேடி ஓடவேண்டும், இவன் புறாவைப் பார்க்கிறான் என்று நான் வைத்தியரிடம் சொன்னேன். அவரும் யோசித்தார். ஆனால் நாளுக்கு நாள் ஏறும் எண்ணை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதும் குற்றம்தானே. மருந்தைக் கொஞ்சம் கூட்டினார். எண் இறங்கவில்லை. மறுபடியும் கூட்டினார். அக்காவிடம் இரண்டு தரமும் நான்தான் சொன்னேன். அக்கா அதைக் கணவரிடம் சொல்லவில்லை. மனிசன் பட்டினி கிடந்து கோயிலில் நிற்கிறது, அதன் மனதைக் குழப்புவானேன் என்று தன்பாட்டில் கூடுதல் அளவை இழுத்துப் போட்டிருக்கிறார். இதுவும் பிறகுதான் தெரியும்.

ஐந்தாம் நாள் காலை அண்ணை சொன்னது இருபத்தெட்டு. நான் தொலைபேசியை வைத்துவிட்டு, இனி இவர்கள் கோபித்தாலும் பரவாயில்லை, கறுவலை இன்றைக்கே வரவழைக்க வேண்டும் என்று வைத்தியரிடம் சொல்லிக்கொண்டு நின்றேன். ஒரு தேநீர் குடித்து முடிக்கவில்லை, மீண்டும் அழைப்பு. அக்கா. அந்தப் பெரிய குரல் நூலாக மெலிந்திருந்தது.

"தங்கச்சி, கறுவல் விழுந்து கிடக்கிறான். காலை இழுத்து இழுத்து வெட்டுது. கண் என்னைப் பாக்கேல்லை."

இந்த வேலையில் இருப்பவர்களுக்கு அந்த வெட்டு, அந்த வலிப்பு, எதனுடையது என்று கேட்டவுடனே தெரியும். அது சீனி ஏறியவன் படும் பாடு அல்ல, இறங்கிப்போனவன் படும் பாடு. ஆனால் இருபத்தெட்டு என்று இப்போதுதானே சொன்னார்கள்? மூளை இரண்டு பக்கமும் இழுத்தது. இருபத்தெட்டுத்தான் உண்மையென்றால், இனிப்பைக் கொடுப்பது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவது. அது பொய்யென்றால், கொடுக்காமல் விடுவது கொலை.

பிள்ளைகளே, இப்படியான நேரத்தில் எண் ஒன்று சொல்லி, உடம்பு வேறொன்று சொன்னால், உடம்பின் பக்கம் நில்லுங்கள். சீனி கூடினவன் இன்னும் கொஞ்ச நேரம் தாங்குவான். குறைந்தவன் தாங்கமாட்டான். வீட்டில் தேன் இருக்கிறதா என்று கேட்டேன். சாமி அறையில் அபிஷேகத்துக்கு வாங்கி வைத்தது இருக்கிறது என்றார். விரலில் தொட்டுப் பல் முரசில் பூசுங்கோ, தொண்டைக்குள் ஊற்றாதேங்கோ, பூசிப் பூசிக்கொண்டே டாக்சியில் ஏறுங்கோ, மெசினையும் கொண்டு வாங்கோ என்றேன். சாமித் தேனை எப்படிப் பூனைக்கு என்று அக்கா ஒரு கணமும் கேட்கவில்லை. அதற்காகவே அவரை எனக்கு என்றைக்கும் பிடிக்கும்.

வந்தார்கள். கோயிலுக்குப் புறப்பட்ட வேட்டியோடும் அதற்கு மேல் தடித்த கோட்டோடும் அண்ணை. அவர் கைகளில் துவாயில் சுற்றிய கறுவல், ஈரத்துணி மாதிரித் தொங்கிக்கொண்டு. நான் வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். வைத்தியர் சோதித்தார். எண் இரண்டைக்கூடத் தொடவில்லை. முன்காலில் குழாய் போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, சூடு கொடுத்து, நாங்கள் இருவரும் பக்கத்திலேயே நின்றோம். கொஞ்ச நேரத்தில் வெட்டு நின்றது. பிறகு காது அசைந்தது. பிறகு என் விரலைக் கடிக்கப் பார்த்தான். அந்தக் கடி எனக்கு ஆயிரம் ஆசீர்வாதம் மாதிரி இருந்தது.

அவன் தப்பிவிட்டான் என்று தெரிந்த பிறகுதான் பயம் வந்தது. வைத்தியர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே கேள்வி. இருபத்தெட்டிலிருந்து இவ்வளவு குறுகிய நேரத்தில் எந்தப் பூனையும் இரண்டுக்குக் கீழே வந்து விழமுடியாது. மெசின் பழுதாக இருக்க வேண்டும் என்றார் வைத்தியர். அவர்கள் கொண்டுவந்த மெசினை எடுத்து, கறுவலின் இரத்தத்தை எங்கள் மெசினிலும் அதிலும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தோம். இரண்டும் ஒரே மாதிரிக் காட்டின. மெசினில் ஒரு பிழையும் இல்லை.

அப்படியென்றால் பிழை எங்கே?

நான் வெளியே வந்தேன். அக்கா கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றார். கறுவல் பிழைத்துக்கொண்டான் என்றதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். காலையில் சோதித்தது எப்படி என்று கேட்டேன். அவர்தான் குத்துகிறவர், நான் அறைக்குள் போவதில்லை என்றார். அண்ணை மூலையில் இருந்த தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். காலடியில் கசங்கிய காகிதக் கோப்பைகள். இன்னொன்றை நிரப்பி ஒரே மூச்சில் குடித்தார். மறுபடி நிரப்பினார். தண்ணீர் கையில் வழிந்து வேட்டியில் சிந்தியது. நான் பக்கத்தில் போய் நின்றும் என்னை அடையாளம் காண அவருக்கு ஒரு கணம் எடுத்தது.

அந்தக் கையைத்தான் நான் பார்த்தேன். இடது கை விரல் நுனிகளில் சின்னச் சின்னக் கறுத்த புள்ளிகள். வருடக்கணக்கில் பூனைகளின் காதிலும் மனிதர்களின் விரலிலும் இந்தப் புள்ளிகளைப் பார்த்தவள் நான்.

நான் அவர் முன்னால் குந்தினேன். கறுவலுக்குக் குத்தினீங்களா என்று மெல்லக் கேட்டேன். அவர் அக்காவைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார்.

"குத்தேல்லை, தங்கச்சி. விரதத்திலை நிண்டுகொண்டு ஒரு வாயில்லாச் சீவனிட்டை இரத்தம் எடுக்க எனக்கு மனம் வரேல்லை."

அப்படியென்றால் அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்றேன். வாயில் வந்ததைச் சொன்னீர்களா?

"விரதத்திலை பொய் சொல்லுவனோ?" அவருக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "என்ர விரலிலை குத்தினனான். மெசின் என்ன காட்டிச்சுதோ அதைத்தான் வாசிச்சனான்."

சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. பூனையின் இரத்தத்தை எடுத்தால் பாவம், எண்ணை இட்டுக்கட்டினால் பொய். இரண்டுக்கும் நடுவில் மனிதர் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். தனக்கு ஒரு வருத்தமும் இல்லை, தன்னுடைய எண் நல்லதாகத்தான் இருக்கும், வைத்தியசாலைக்காரரும் சந்தோசப்பட்டு ஆறு நாளும் பூனையை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாராம். முதல் நாளே இருபதுக்கு மேல் காட்டியதும் கொஞ்சம் திகைத்தாராம். பிறகு நான் சொன்னது ஞாபகம் வந்ததாம். இது மிருகங்களுக்கான மெசின், மனித இரத்தத்துக்குப் பிழையாகத்தான் காட்டும். அதோடு விட்டுவிட்டார். மருந்து கூடியது அவருக்குத் தெரியாது. பட்டினியில் தலை சுற்றாமல் இருக்க, சீனி அள்ளிப் போட்ட தேசிக்காய்த் தண்ணீரும், பாலும், வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு, தாகம் தாகம் என்று இன்னும் குடித்துக்கொண்டு அவர் கோயிலில் நின்றிருக்கிறார்.

அக்கா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். அழுகை நின்றுவிட்டது. பேயறைந்த முகம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"அப்ப, இந்த இருபத்தெட்டு உங்கடையோ?"

நாய் ஒன்றைக் கொண்டுவந்து காத்திருந்த வெள்ளைக்காரக் கிழவர்கூட, மொழி விளங்காமலே, எழுந்து நின்றுவிட்டார்.

அந்த நேரத்தில் நான் செய்யாத ஒன்றை உங்களுக்குச் சொல்லவேண்டும். அவர் விரலில் இன்னொரு தரம் குத்திப் பார்க்கவில்லை. கையில் மெசின் இருக்கிறது, குத்தத் தெரியும், மனம் உந்துகிறது. ஆனால் நாங்கள் மனிதருக்கு வைத்தியர்கள் அல்ல. இன்னொரு எண் வந்தால் அதை வைத்துக்கொண்டு நாங்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை. கொஞ்சம் குறைவாகக் காட்டியிருந்தால், பார்த்தீர்களா ஒன்றுமில்லை என்று அவர் எழுந்து கோயிலுக்கே போயிருப்பார். நான் நேரே போய் அம்புலன்சை அழைத்தேன். ஐந்து நாட்களாக வந்த எண்களையும், தாகத்தையும், குழம்பிய கண்ணையும் சொன்னேன். அனுப்புகிறோம் என்றார்கள்.

அண்ணை மறுத்தார். நாளைக்குச் சூரன்போர், அதைப் பார்த்துவிட்டு, விரதம் முறிக்கும் பாரணையும் முடித்துவிட்டு வருகிறேன் என்றார். முருகனுக்கு வைத்த நேர்த்தி, நடுவில் முறிக்க ஏலாது என்றார். வைத்தியர் ஆங்கிலத்தில் கெஞ்சினார், நான் தமிழில் கெஞ்சினேன். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழும்பப் பார்த்தார். அக்கா போய் அவர் முன்னால் நின்றார்.

"முருகனிட்டை நான் கதைச்சுக்கொள்ளுறன். நீங்கள் இப்ப அம்புலன்ஸிலை ஏறுங்கோ."

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். கால் மடிந்தது. நானும் அந்த வெள்ளைக்காரக் கிழவரும் இரண்டு பக்கமும் பிடித்துத்தான் இருத்தினோம். அதற்குப் பிறகு அவர் பேசியது ஒன்றும் ஒழுங்கான பேச்சாக இல்லை. அம்புலன்ஸ்காரர் வந்து தங்கள் மெசினில் பார்த்தபோது அது எண்ணே காட்டவில்லை. அளவுக்கு மேல் என்று மட்டும் காட்டியது. எவ்வளவு காலமாக இந்த வருத்தம் என்று அவர்கள் அக்காவைக் கேட்டார்கள். அக்கா என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது?

அவர் பிழைத்தார். சும்மா பிழைக்கவில்லை, கிழமைக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்துதான் பிழைத்தார். கறுவலும் பிழைத்தான். அவனுடைய கதைதான் இன்னும் வியப்பு. சஷ்டிக்கு முன்பே அவனுடைய வருத்தம் மாறிக்கொண்டு வந்திருக்கிறது. சாப்பாட்டுக் கட்டுப்பாட்டில் பூனைகளுக்கு அப்படிச் சில வேளைகளில் மாறும். தானே சுகப்பட்டுக்கொண்டிருந்தவனுக்குத்தான் நாங்கள் மருந்தைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்திருக்கிறோம். அதன் பிறகு அவனுக்கு ஊசி தேவைப்படவே இல்லை. அக்காவின் கைக்கு மட்டும் வேலை குறையவில்லை, இப்போது அண்ணைக்குப் போடுகிறார்.

இதிலிருந்து என்ன படிப்பது என்று கேட்டால், தொலைபேசியில் எண்ணைக் கேட்டதும் கணினியில் தட்டிவிடாதீர்கள். யார் எடுத்தது, யார் பக்கத்தில் நின்றது, பூனை அப்போது என்ன செய்தது என்று கேளுங்கள். எங்கள் சனத்தை எனக்குத் தெரியும் என்று நினைக்காதீர்கள். நானும் தமிழ், அவர்களும் தமிழ், விரதமும் எனக்குத் தெரிந்த விரதம். பால்சோறு வரைக்கும் யோசித்த எனக்கு அந்த மனிதரின் மனச்சாட்சி வரைக்கும் யோசிக்கத் தெரியவில்லை. பொய்யர்களிடமிருந்து வரும் எண்ணை நாங்கள் எப்படியும் சந்தேகப்படுவோம். பொய்யே சொல்லாத மனிதர்களிடம்தான் ஏமாந்துபோவோம்.

ஆனால் இவ்வளவும் நான் பிறகு இருந்து யோசித்துச் சேர்த்த புத்தி. அன்று பின்னேரம் எனக்கு ஒரு புத்தியும் இருக்கவில்லை. வேலை முடிந்து கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டொக்டர் அழைத்தார். களைத்த குரல், இளம் ஆண். நோயாளியின் மனைவி உங்கள் இலக்கத்தைத் தந்தார், அவருக்குச் சீனி வருத்தம் இருப்பதாக எங்களிடம் எந்தப் பதிவும் இல்லை, கடந்த நாட்களில் எடுத்த எண்கள் உங்களிடம்தான் இருப்பதாகச் சொல்கிறார், வாசிக்க முடியுமா என்றார்.

நான் கணினியைத் திறந்தேன். கறுவல், கடுவன், கறுப்பு, உள்ளூர் இனம் என்று மேலே இருந்தது. அதற்குக் கீழே இருந்ததை முதல் நாளிலிருந்து ஒவ்வொன்றாக வாசித்தேன். வாசிக்க வாசிக்க என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. ஒரு மனிதர் செத்துக்கொண்டிருந்ததை ஐந்து காலையும் காதால் கேட்டு, என் கையாலேயே தட்டி வைத்திருக்கிறேன்.

அந்தப் பக்கம் எழுதும் சத்தம் நின்றது. பிறகு அவர் கேட்டார். கோபத்தில் இல்லை, உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். இவ்வளவு எண்களும் உங்களிடம் வந்திருக்கின்றன, ஒருவரும் இந்த மனிதரை அழைத்துப் பேசவில்லையா?

அழைத்தோம் என்றேன். ஒவ்வொரு நாளும் காலையில் நான்தான் அவரை அழைத்தேன். பூனை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.